பட்டிச் சுவரில் மூன்று கற்கள்

பென் ஹாரல் மலைக்கு யாரும் போவதில்லை. உச்சியில் நின்று பார்க்க அங்கே ஒன்றும் கிடையாது. வழி நெடுகச் சேறு. உயரத்திலும் பக்கத்து மலைகளுக்குத் தம்பி. ஆனால் சிகரங்களைப் பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக ஏறித் தீர்க்கும் கூட்டம் ஒன்று எங்கள் ஸ்காட்லாந்தில் உண்டு. நல்ல மலைகள் எல்லாம் தீர்ந்த பிறகு, வேறு போக்கிடம் இல்லாமல் அந்தக் கூட்டம் வந்து சேரும் மலை இது. என் அண்ணன் ரூரியும் அவன் சிநேகிதன் டங்கனும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்.

போன வருஷம் அக்டோபரில் இருவரும் ஏறினார்கள். டங்கன் மட்டும் இறங்கி வந்தான்.

இந்த அக்டோபரில், அதே டங்கனோடு, ரூரியின் தங்கை உனா, நான் போனேன்.

சாலை முடிகிற இடத்தில் ஒரு பழைய ஆட்டுப்பட்டி இருக்கிறது. இடுப்பளவு கற்சுவர், பக்கத்தில் கிர்ஸ்டியின் வீடு. அந்தப் பள்ளத்தாக்கில் ஆடுகளோடு தனியாக இருப்பவள் அவள். ஐம்பது வயதிருக்கும், வாய் கொஞ்சம் நீளம். நாங்கள் வண்டியை விட்டு இறங்குவதற்குள் நாயோடு வந்து நின்றுவிட்டாள்.

“என்ன உனா, இந்த ஆளோடவா ஏறப்போற?”

“அவங்க அம்மாதான் கூட்டிட்டுப் போகச் சொன்னாங்க” என்று டங்கன் முந்திக்கொண்டான்.

“உன்னக் கேக்கல. போன தடவ ஒத்தையா வந்து என் கதவத் தட்டின. இந்தத் தடவையாச்சும் ஜோடியா வந்து தட்டு.”

டங்கன் சிரித்து வைத்தான். எதற்கும் அவனிடம் ஒரு சிரிப்பு இருக்கும். என் அண்ணனைத் தேடுவதைக் கைவிட்ட மறுமாதம், தன் பட்டியல் முழுசாக முடிந்ததென்று வீட்டில் விஸ்கி ஊற்றி விருந்து வைத்தானே, அப்போதும் இதே சிரிப்புத்தான் சிரித்தானாம். அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. மலையேறப் போகிறவர் ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்துப் பட்டிச் சுவரின் மேல் வைத்துவிட்டுப் போக வேண்டும். திரும்பி வந்ததும் அவரே அதை எடுத்துவிட வேண்டும். பொழுது சாய்ந்தும் கல் அப்படியே இருந்தால் ஆள் இன்னும் மலையில் இருக்கிறான் என்று அர்த்தம். ஒருவர் வைத்த கல்லை இன்னொருவர் தொடக்கூடாது.

சுவரின் கோடியில் ஒரு கல் ஒரு வருஷமாக இருந்தது. கறுப்புக் கல், நடுவில் வெள்ளைக் கோடு. ரூரி வைத்தது.

அதன் பக்கத்திலேயே என் கல்லை வைத்தேன். டங்கன் சிவப்பாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அந்தப் பக்கமே பார்க்காமல், நாலு முழம் தள்ளி வைத்தான்.

இந்த மனிதனோடு எதற்குப் போனாய் என்று பிறகு எல்லாரும் கேட்டார்கள். அம்மாவுக்காகப் போனேன். ரூரியின் உடல் கிடைக்கவே இல்லை. மீட்புக் குழு மூன்று வாரம் தெற்குப் பள்ளத்தாக்கைச் சல்லடை போட்டுச் சலித்தது. ஒரு செருப்பு வார்கூட அகப்படவில்லை. பாதிரியார் வந்து, “உடல் இல்லாவிட்டாலும் பிரார்த்தனை செய்து வழியனுப்பலாம்” என்றபோது, அம்மா அவரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில்லை. கடற்கரை வீடு, குளிர்காலக் காற்று கதவைப் பிய்த்து எறியும். போடவே விடமாட்டாள். “அவன் ராத்திரி வந்து தள்ளிப் பாத்துட்டுப் போயிட்டா என்னடி பண்றது?” என்பாள்.

வருஷம் திரும்பியதும், ரூரியைக் கடைசியாகப் பார்த்த இடத்தை எனக்குக் காட்டும்படி அம்மா டங்கனிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் அத்தனை வருஷம் உப்பு மீனும் உருளைக்கிழங்கும் தின்றவன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஏற ஆரம்பித்தோம்.

கலைமான்கள் துணை தேடி உறுமுகிற பருவம். இரண்டு பக்கச் சரிவிலிருந்தும் அந்தச் சத்தம் மாறி மாறி வந்துகொண்டிருந்தது. காலுக்குக் கீழே பழுப்புத் தண்ணீர் சளக் சளக்கென்றது. டங்கன் முன்னால் நடந்தான். வேகம் எவ்வளவு, எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்று பேசிக்கொண்டே போனான். ரூரியின் பெயரை மட்டும் எடுக்கவில்லை.

கணவாயை அடைந்தபோது வானம் தாழ்ந்திருந்தது. டங்கன் பையைக் கீழே வைத்துவிட்டுத் தெற்கே கையைக் காட்டினான்.

“இங்கதான். முட்டி வலிக்குது, நீ போயிட்டு வான்னான். நான் உச்சிக்குப் போயிட்டேன். அவன் இப்படிக்கா தெக்கால எறங்கினான். அவ்வளவுதான் உனா.”

ஒரு வருஷமாக எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைகள். ஓர் எழுத்து கூடவுமில்லை, குறையவுமில்லை. மனப்பாடம் செய்த பிள்ளை பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதைப் போல் இருந்தது.

என் சட்டைப் பையில் ஒரு கல் இருந்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே கடற்கரையில், கடல் குடைந்து ஓட்டை போட்ட கற்கள் கிடக்கும். ரூரி எந்த மலைக்குப் போனாலும் அதில் ஒன்றைக் கொண்டுபோவான். ஓட்டையில் மீன்வலையின் நீலக் கயிற்றை நுழைத்து, இடதுகைக்காரன் போடும் முடிச்சு ஒன்றைப் போட்டு, உச்சியில் இருக்கும் கற்குவியலின் தலைக்கல்லுக்கு அடியில் செருகிவிட்டு வருவான். மேலே வைத்தால் காற்று தள்ளிவிடும் என்பான். பட்டியலில் பேர் அடிப்பதைவிட இதுதான் அவனுக்குப் பெரிது. டங்கன் அதைப் பைத்தியக்காரத்தனம் என்று கேலி செய்வான். எங்கே வைக்கிறான் என்றுகூட நின்று பார்த்ததில்லை.

“நான் உச்சிக்குப் போகணும்” என்றேன்.

“எதுக்கு?”

“அவன் போக முடியாத எடத்துல அவன் கல்ல வெக்கணும்.”

“இங்கயே வெச்சுடேன். மேல ஒண்ணும் இல்ல. மூடுபனி வருது பாரு.”

“அத்தன மலை ஏறின சூரப்புலி, மூடுபனிக்கா பயப்படுற?”

“உனா, சொன்னாக் கேளு. மேல போக வேணாம்.”

அவன் குரலில் கெஞ்சல் இருந்தது. அது எனக்குப் புதிது. நான் நடந்தேன். பின்னால் அவன் பையை எடுத்து மாட்டும் சத்தம் கேட்டது. என்னைத் தனியே விட்டுவிட்டு இன்னொரு முறை ஒற்றையாக இறங்க அவனுக்கும் தைரியம் இல்லை.

கொஞ்ச நேரத்தில் பனி மூடிக்கொண்டது.

மலை போய்விட்டது. வானம் போய்விட்டது. நீட்டிய கை தெரிந்தது, அதற்கு அப்பால் வெள்ளை. கலைமான்களின் உறுமல் ஒரே சமயத்தில் நின்றது. என் மூச்சும் என் கால் சத்தமும் மட்டும் காதுக்குள் பெரிதாகக் கேட்டன.

அப்போதுதான் முதல் கற்குவியலைப் பார்த்தேன். முழங்கால் உயரம். இப்படிப்பட்ட பனியில் மலையேறுகிறவர்களுக்குக் கற்குவியல்தான் கண். ஒன்றிலிருந்து அடுத்தது, அடுத்ததிலிருந்து அதற்கடுத்தது என்று பிடித்துக்கொண்டே போய்விடுவார்கள். யார் வைத்தது என்று கேட்கமாட்டார்கள். நமக்கு முன்னால் வந்த எவனோ ஒரு நல்லவன் வைத்தது என்று நம்புவார்கள்.

டங்கன் அதன் முன் நின்றுவிட்டான்.

“போன வருஷம் இது இல்ல.”

“யாராச்சும் வந்திருப்பாங்க.”

“இங்க யாரு வர்றா?”

நான் குனிந்து பார்த்தேன். வெயிலும் மழையும் பட்ட கல்லின் மேல்பக்கம் சாம்பல் நிறத்தில் பாசி பிடித்துக் கிடக்கும். அடிப்பக்கம் கறுப்பாக, ஈர மண் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்தக் குவியலில் எல்லாக் கற்களுக்கும் அடிப்பக்கம் மேலே இருந்தது. மேல்கல்லில் ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

இப்போதுதான் யாரோ பெயர்த்து வைத்திருக்கிறார்கள்.

டக்.

முன்னால், பனிக்குள், கல்லின் மேல் கல் வைக்கும் சத்தம்.

“யாரது?” என்று கத்தினேன். நாங்கள் நடந்தோம். அடுத்த குவியல் வந்தது. அதிலும் மண் ஈரம். அதற்கடுத்ததில் ஈரம் இன்னும் அதிகம். ஒவ்வொன்றையும் அடையும்போது, சற்று முன்னால் அந்த ஒற்றைச் சத்தம் மட்டும் கேட்டது.

டக்.

காற்றில் ஒரு வாசனை வந்தது. ரூரி மலையில் எப்போதும் வாயில் அதக்கும் வெள்ளைப் புதினா மிட்டாயின் வாசனை.

டங்கனுக்கும் வந்திருக்க வேண்டும். அவன் என் பைவாரைப் பிடித்துக்கொண்டான். நான் தட்டிவிட்டேன். எனக்குப் பயமில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. யாராவது விளையாடுகிறார்கள் என்றால் அவர்கள் பல்லை உடைப்பேன் என்று நினைத்தேன். யாரும் விளையாடவில்லை என்றால், என் அண்ணன் என்னிடம் என்னவோ சொல்ல வருகிறான்.

உச்சி வந்தது. அங்கே இருந்தது பழைய குவியல். கற்களெல்லாம் பாசி பிடித்துச் சாம்பலாக இருந்தன. சட்டைப் பையிலிருந்து கல்லை எடுத்தேன். ரூரி செய்வதைப் போலவே தலைக்கல்லைத் தூக்கி, அடியில் கையை விட்டேன்.

உள்ளே என் விரலில் ஏதோ தட்டுப்பட்டது.

கயிறு.

வெளியே இழுத்தேன். ஓட்டைக் கல். நீல வலைக்கயிறு. இடதுகை முடிச்சு.

பிறகு திரும்பி டங்கனின் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“முட்டி வலின்னு கணவாய்லயே திரும்பிட்டான்னு சொன்னியே. இது எப்படி இங்க வந்துச்சு?”

அவன் கல்லைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அப்போதும் உதட்டில் அந்தச் சிரிப்பு வரப் பார்த்தது. வரவில்லை.

“உனா...”

“சொல்லுடா.”

அவன் குவியலின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, கிசுகிசுப்பாகச் சொன்னான். ரூரியும் உச்சிக்கு வந்தான். இருவரும் சேர்ந்துதான் தொட்டார்கள். வடக்குப் பக்கம் இறங்கினால் இன்னொரு சின்ன மேடு இருக்கிறது. அதற்குப் பெயர்கூட இல்லை, வரைபடத்தில் உயரம் மட்டும் போட்டிருக்கும். டங்கனின் பட்டியலில் அதுவும் உண்டு. அதுதான் கடைசி. அதற்குப் போகும் வழியில் பாறை இடுக்கில் கால் மாட்டி ரூரியின் கால் முறிந்துவிட்டது.

“மேடு அங்கயே தெரிஞ்சுது உனா. கண்ணுக்கு நேரா. அர மணி நேரத்துல வந்துடுறேன், அப்புறம் உன்னக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னேன். அவனும் சரின்னான். திரும்பறப்போ பனி மூடிடுச்சு. தேடினேன். சத்தியமா தேடினேன். விசில் அடிச்சான்...”

“கேட்டுச்சா?”

“எங்கேர்ந்து வருதுன்னு தெரியல.”

“விசில் கேட்டுச்சு. நீ எறங்கிப் போயிட்ட.”

“நானும் செத்திருப்பேன்.”

“சரி. போய்த் தொலஞ்ச. கீழ வந்து எடத்தச் சொன்னியா? மூணு வாரம்டா. அத்தன பேரையும் தெக்கால தேட விட்டியே, பாவி!”

“ஏன் விட்டுட்டுப் போனேன்னு கேப்பாங்கல்ல. ஒரு மேட்டுக்காகன்னு எப்படிச் சொல்றது? விடிஞ்சா எப்படியும் உயிரோட இருக்கமாட்டான்னு நெனச்சேன்...”

அவனை அறைந்தேன். என் கையிலிருந்த கல்லோடு சேர்த்து அறைந்தேன். கன்னத்தில் ரத்தம் வந்தது. அவன் தடுக்கவில்லை.

டக்.

இந்த முறை சத்தம் வடக்கிலிருந்து வந்தது.

டக். டக்.

பனி ஒரு கணம் விலகிற்று. வடக்குச் சரிவில் புதிதாக ஒரு கற்குவியல். அதற்குக் கீழே மங்கலாக இன்னொன்று.

“வேணாம்” என்றான் டங்கன். “உனா, வேணாம். நாம கீழ போயிடலாம்.”

“எனக்கு முன்னால நட.”

“என்னால முடியாது.”

“நடடா!”

நடந்தான். வடக்குச் சரிவு முழுக்கப் பாறைகள்; மேலே புல் மூடி, அடியில் ஆள் கால் நுழையும் பொந்துகள். உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினோம். புதினா வாசனை தொண்டையைக் குத்தும் அளவுக்கு ஏறிற்று. ஒரு பெரிய பாறையைச் சுற்றித் திரும்பியபோது வரிசை முடிந்தது.

அங்கே ஒரு சுவர் இருந்தது.

முழங்கால் உயரத்தில், வளைவாக, காற்று வரும் பக்கத்தை மறைத்துக் கட்டிய சிறு சுவர். படுத்துக்கொண்டு ஒருவன் கட்டக்கூடிய உயரம். அதற்குள் நீல நிற மழைச்சட்டை ஒன்று சுருண்டிருந்தது. சட்டைக்குள் என் அண்ணன் இருந்தான். ஒரு வருஷத்து மழையும் பறவைகளும் விட்டுவைத்த அளவு இருந்தான். பக்கத்தில் அவனுடைய மிட்டாய் டப்பா, மூடி திறந்து, காலியாக.

நான் மண்டியிட்டேன். அழுகை வரவில்லை. சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவனைச் சுற்றி, கை நீட்டி எட்டும் தூரத்துக்கு, தரையில் ஒரு சிறு கல்கூட மீதி இல்லை. மண்ணில் புதைந்திருந்த கற்களையும் தோண்டி எடுத்திருக்கிறான். சுவர் முடிந்த பிறகும் நிறுத்தவில்லை. தலைமாட்டில் ஒரு குவியல், கால்மாட்டில் ஒரு குவியல். திரும்பி வருகிறவன் கண்ணுக்குத் தெரியட்டும் என்று. பனியில் கற்குவியலைப் பார்த்தால் டங்கன் விடவே மாட்டான் என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு ராத்திரியில் செய்து முடிக்கிற வேலை இல்லை அது. நாங்கள் தெற்கே கூவிக் கூவித் தேடிய நாட்களில் இவன் இங்கே உயிரோடு கல்லை அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறான்.

டங்கன் அருகே வரவில்லை. பாறையோடு ஒட்டி நின்று பேசினான்.

“நாமதான் கண்டுபிடிச்சோம் உனா. அத மட்டும் சொல்லுவோம். அவனா வழி தவறி இந்தப் பக்கம் வந்துட்டான்னு சொல்லிடலாம். உங்கம்மாவுக்கு ஒடம்பு கெடச்சா போதும்ல? மத்ததெல்லாம் தெரிஞ்சா அவங்களுக்குத்தான் கஷ்டம்...”

இதைக் கேட்ட பிறகும் நான் அவனை அங்கேயே கொன்று போடாதது ஏன் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

“எங்கம்மா கஷ்டத்தப் பத்தி நீ பேசாத. எல்லாத்தையும் சொல்லுவேன். மேட்டையும் சொல்லுவேன். விசிலையும் சொல்லுவேன். உன் பொண்டாட்டி பிள்ளைங்க முன்னால நின்னு சொல்லுவேன்.”

அவன் பையின் வாரை இறுக்கிக்கொண்டான்.

“சரி. நான் மேல போயி, சிக்னல் கெடைக்குதான்னு பாத்து ஆளக் கூப்புடுறேன். நீ இங்கயே இரு. அர மணி நேரத்துல வந்துடுறேன்.”

அதே வார்த்தைகள். சொன்னது அவனுக்கே உறைக்கவில்லை.

டக்.

சத்தம் எங்கள் பின்னால், வந்த பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். நாங்கள் பிடித்துக்கொண்டு இறங்கி வந்த குவியல்களில் ஒன்றுகூட அங்கே இல்லை. புல்தான் இருந்தது. ஆனால் அதற்கு இடது பக்கம், கிழக்கே, புதிதாக ஒரு குவியல் கறுத்த ஈரத்தோடு நின்றது. அதைத் தாண்டி இன்னொன்று. கிழக்குப் பக்கம் முழுக்கச் செங்குத்துப் பாறை. வரைபடத்தில் உயரக் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிக் கிடக்கும் பக்கம்.

டங்கன் அதை நோக்கித்தான் நடந்தான்.

எனக்கு அவன்மேல் இருந்த கோபத்துக்கு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன்.

“டங்கன்! அந்தப் பக்கம் இல்ல! அது நாம வந்த வழி இல்ல!”

பனிக்குள்ளிருந்து அவன் குரல் வந்தது. தெளிவான, அலட்சியமான குரல். அத்தனை மலை ஏறினவனின் குரல்.

“கல்லு வெச்சிருக்கு உனா! எனக்குத் தெரியும்! நீ பேசாம இரு!”

அவன் காலடிச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. அதனோடு சேர்ந்து இன்னொரு காலடி. ஒரு கால் ஊன்றி, ஒரு கால் இழுத்து.

டக்.

சரக்.

டக்.

சரக்.

“ரூரி!” என்றேன். எதற்காகக் கூப்பிட்டேன், தடுக்கவா, வேறெதற்கா, தெரியாது.

இரண்டு சத்தமும் ஒன்றாக நின்றன. பிறகு தூரத்தில் கற்கள் சரியும் ஓசை. வெகு நேரம் சரிந்துகொண்டே இருந்தது. ஒரு கூப்பாடுகூட இல்லை.

புதினா வாசனை போய்விட்டது. மலையின் இரண்டு பக்கமும் கலைமான்கள் மறுபடி உறும ஆரம்பித்தன.

பனி தானாகவே விலகிற்று. என் கழுத்துத் துணியை அவிழ்த்து ரூரியின் மேல் போர்த்திவிட்டு, மேலேறி, கணவாய் வழியாக இறங்கினேன். அந்த வழியில் எங்கும் கற்குவியல் இல்லை. பின்னால் மீட்புக் குழுவினரும் அதையேதான் சொன்னார்கள். உச்சியில் இருக்கும் பழையதையும் ரூரியின் சுவர் இருந்த இடத்தையும் தவிர, பென் ஹாரலில் கல்மேல் கல் இருக்கும் இடம் வேறு இல்லையாம். ரூரியை நான் சொன்ன இடத்திலிருந்து கொண்டுவந்தார்கள். டங்கனைத் தேடித் தேடி ஓய்ந்தார்கள். கிழக்குப் பாறைக்கு அடியில் அவன் பையின் வார் ஒன்று கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. நான் சரியான இடத்தைத்தான் காட்டினேன். அவனைப் போல நான் பொய் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் நான் பட்டிக்கு வந்தபோது கிர்ஸ்டி சுவரருகே நின்றிருந்தாள். நான் ஒற்றையாக வருவதைப் பார்த்தும் அவள் ஒன்றும் கேட்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கல் இருந்தது. தள்ளி, டங்கனின் சிவப்புக் கல் இருந்தது.

ரூரியின் கல்லைக் காணோம்.

“நான் தொடல உனா” என்றாள் கிர்ஸ்டி. எப்போதும் ஊரைக் கூட்டும் அவள் குரல் கம்மியிருந்தது. “சத்தியமா தொடல. மத்தியானம் வரைக்கும் இருந்துச்சு. நாய் திடீர்னு கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிச்சு. வெளிய வந்து பாத்தா இல்ல. ஒரு மனுஷன் இந்த வழியா வரல.”

கல் ஒரு வருஷம் இருந்த இடத்தில் வெளுப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது. நான் என் கல்லை எடுத்து ஆற்றில் எறிந்தேன். மற்றதைத் தொடவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. டங்கனின் மனைவி வந்து, அதையாவது எடுத்துத் தாருங்கள் என்று அழுதாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் வைத்தவன் வந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று சாயங்காலமே கிர்ஸ்டி போலீசுக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியெல்லாம் என்ன வார்த்தையால் ஆரம்பிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் அமையவில்லை.

வாசல் விளக்கு அணைந்திருந்தது. ஒரு வருஷமாக அணைக்காத விளக்கு.

கதவைத் தள்ளினேன். திறக்கவில்லை.

உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

தட்டினேன். அம்மா தாழ்ப்பாளை எடுக்கும் சத்தம் கேட்டது. கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். அழுதிருந்தாள், ஆனால் முகம் தெளிந்திருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் உதட்டில் விரலை வைத்தாள்.

“மெல்லப் பேசுடி. இப்பத்தான் படுத்தான்.”

மேஜையின் மேல், வெள்ளைக் கோடு போட்ட கறுப்புக் கல் இருந்தது. அதன் அடிப்பக்கம் மேலே இருந்தது. மண் இன்னும் காயவில்லை.